உச்சிப்புளி வீட்டுக்கு ஒரு கையெழுத்து பாக்கி

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை போகும் வண்டி. முன்சீட்டில் இருந்த பெண் கைப்பேசியில் சொன்னாள்: "வீடு பேசி முடிஞ்சிருச்சு. ஆனா இன்னும் எங்க வீடு இல்ல." உச்சிப்புளியில் இறங்கிப் போய்விட்டாள். நான் பார்த்தது அவள் பின்னங்கழுத்தை மட்டும்தான். மீதி எல்லாம் என் கற்பனை.

அந்த வாக்கியம் என்னை விடவில்லை. ஒரு கதை வருகிறேன் என்று சொல்லிவிட்டு, தாளுக்கு வராமல் மாதக்கணக்கில் வெளியே நின்றுகொண்டிருப்பது எனக்குப் பழக்கம்தான். அந்த நாட்களில் நான் சும்மா இருப்பேன். அவள் சும்மா இருப்பாளா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன்.

2

முதல் தொடக்கம்: "ஜன்னலைத் திறந்தால் கடல். கீர்த்தனி அந்த நீலத்தில்

இதற்கு மேல் எழுதவில்லை. பேருந்துப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் கீர்த்தனி. அவள் அப்பா கணேசலிங்கம் தலைமன்னார்ப் பக்கமிருந்து படகில் வந்து இறங்கிய மனிதர். அவள் மண்டபம் அகதி முகாமில் பிறந்தவள். கடல் பார்க்கும் ஜன்னல் எனக்கு வேண்டியது, அவளுக்கல்ல. எனவே வீட்டைக் கரையிலிருந்து பெயர்த்து, உச்சிப்புளி மெயின்ரோட்டை ஒட்டிய சந்தில் வைத்தேன். பேருந்து பிரேக் போடும் சத்தம் கேட்கும். கடற்படை ஹெலிகாப்டர் தாழப் பறந்தால் ஜன்னல் கம்பி அதிரும். அவளுக்கு அது போதும்.

இரண்டாவது தொடக்கம்: "கீர்த்தனி அழுதாள்." (இதையும் அடித்துவிட்டேன். முகாமில் பிறந்த பெண் என்றதும் அவளை அழவைத்துவிட என் கை ஏன் இவ்வளவு அவசரப்படுகிறது?)

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். கீர்த்தனி ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். 1986இல் இங்கே பிறந்ததால் இந்தியக் குடியுரிமை உண்டு என்று பல வருடம் அலைந்து நிலைநாட்டியவள். கணவன் சசிகரன் பெயின்டர். அவனுக்கு அந்தக் காகிதம் இல்லை. அதனால் பத்திரம் அவள் பெயரில்தான் பதிவாக வேண்டும். அந்தக் குடும்பத்தில் ஒரு துண்டு நிலத்துக்கு உரியவர் என்று யார் பெயராவது எழுதப்படுவது, கடல் தாண்டிய பிறகு இதுவே முதல் முறை.

வீட்டை விற்பவர் குருநாதன். உள்ளூரில் வயலும் காரும் உள்ளவர். வீடு அவருடைய அய்யா, இறந்துபோன அப்பா, கட்டியது. அவள் கேட்ட விலைக்குச் சரி என்றார், முன்பணம் வாங்கினார். பத்திரம் எழுதுபவர்தான் கேட்டார்: "உங்க தங்கச்சி கையெழுத்து?"

"தங்கச்சிதானே? ஒரு போன் போட்டா வந்துரும்" என்றார் குருநாதன்.

அது தை மாதம்.

3

தங்கச்சி முருகலட்சுமி வரமாட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் "வாரேண்ணே" என்றுதான் சொன்னாள். மாசி வந்தது. அவள் வரவில்லை.

[இங்கே காத்திருத்தலைப் பற்றி ஒரு நீண்ட பத்தி இருந்தது. காத்திருப்பவர்களுக்கு அதைப் படிக்கப் பொறுமை இருக்காது என்று எடுத்துவிட்டேன்.]

ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறேன். பள்ளி விட்டு வரும்போது கீர்த்தனி அந்தச் சந்து வழியாக நடப்பாள். கேட் பூட்டியிருக்கும். உள்ளே, கேட்டுக்குப் பக்கத்துக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். முதலில் பார்த்துவிட்டுப் போனாள். பிறகு ஒருநாள் கம்பிக்குள் கையை விட்டுக் குழாயை இறுக்கினாள். அவளுடைய வலது கை மட்டும் முழங்கை வரை அந்த வீட்டுக்குள் போயிருந்தது.

அன்றைக்குச் சசிகரன் சொன்னான்: "ஏனப்பா அந்த வீட்டையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்? வேற ஒண்டு பார்ப்பம். அந்தாள் வேற ஆக்களோடயும் கதைக்கிறாராம்."

"நான் கதைச்சு முடிச்ச வீடு."

"கதைச்சது நீர். முடிச்சது ஆர்?"

(இந்த இடத்தில் அவளுக்கு ஒரு நல்ல பதில் எழுதித் தரலாம் என்று முயன்றேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, முருகலட்சுமி வாழ்க்கைப்பட்ட சத்திரக்குடிக்குப் பேருந்து ஏறிவிட்டாள். நான் பின்னால் ஓடினேன்.)

4

முருகலட்சுமி வீட்டுக்குப் பின்னால் மிளகாய்க் களம். குண்டு மிளகாய் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் காலாலேயே அதைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். கீர்த்தனி கிட்டே போகும் முன்பே அடுக்கடுக்காகத் தும்மினாள்.

"யாரு? டவுனுப் புள்ளையா? மூக்கைப் பொத்திக்கத்தா."

கீர்த்தனி தன் பெயரைச் சொன்னாள். உச்சிப்புளி வீடு என்றாள்.

"ஓ. வாங்குறது நீதானா." முருகலட்சுமி கிளறுவதை நிறுத்தவில்லை. "சரி, என்ன வெலைக்குக் கேக்குற?"

"அண்ணன்கிட்ட பேசி முடிச்ச வெலதான் அக்கா…"

"அது எங்கண்ணன் வெல. எங்கிட்ட நீ இன்னும் கேக்கலயே."

(நான் எழுதிவைத்திருந்த முருகலட்சுமி வேறு. அவள் அண்ணன்மேல் உள்ள பழைய கோபத்தை இரண்டு பக்கத்துக்குச் சொல்லி அழுவாள். இவள் அழவில்லை. நான் அந்த இரண்டு பக்கத்தையும் மடித்து வைத்தேன்.)

"அவரும் கேக்கல, நீயும் கேக்கல. வந்து கையெழுத்துப் போடுன்னா? பங்கு வாங்குறதும் விடுறதும் எம்பாடு. முதல்ல கேக்கணும்ல?"

கீர்த்தனிக்குச் சுருக்கென்றது. முகாமில் அவளைப் பற்றிய எத்தனையோ முடிவுகள் அவளைக் கேட்காமல் எடுக்கப்பட்டவை. அதே காரியத்தைத் தானும் செய்திருக்கிறோம் என்று அவள் நினைத்தாளா? நினைத்தாள் என்றுதான் எழுத வருகிறது. ஆனால் அவள் செய்தது வேறு. செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்தில் இறங்கினாள். மறுபக்கத்திலிருந்து மிளகாயைக் கையால் கிளற ஆரம்பித்தாள்.

"சரிக்கா. வீடு விக்கிறியளா?"

"பாப்பம். நீ எவ்வளவு தருவ?"

கீர்த்தனி ஒரு தொகை சொன்னாள். (தொகைகளை நான் எழுதப்போவதில்லை. அது அவர்கள் இருவருக்குள்.)

"இந்தா பாரு! தேக்குக் கதவு அது. கதவு மட்டும் அந்த வெலைக்குப் போகும்."

"கதவு தேக்கு, சரி. நெலை கரையான் அரிச்சுக் கெடக்கு. வீடு பாக்க வந்தன்னைக்கே தட்டிப் பாத்தேன்."

"கெணத்துத் தண்ணி கல்கண்டு."

"வாளி எறக்கிக் குடிச்சும் பாத்தனான். உப்பு."

முருகலட்சுமி நிமிர்ந்து சிரித்தாள். "நான் பொறக்கயிலயே உப்புதான்டி! எங்காத்தா அதுல பருப்பு வேகலன்னு எங்கய்யாவ வெய்யாத நாளில்ல." பிறகு முகத்தை மறுபடி விற்பவளின் முகமாக்கிக்கொண்டாள். "இருந்தாலும் நீ சொன்னது கம்மி."

இப்படியே களத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பேசினார்கள். ஏறினார்கள், இறங்கினார்கள். ஒருமுறை கீர்த்தனி, "அப்ப வேணாங்க்கா" என்று எழுந்தேவிட்டாள். "போறவளப் பாரு. இங்கன வா" என்று முருகலட்சுமி இழுத்து உட்காரவைத்தாள். முடிவில் வந்து நின்ற விலை, குருநாதனிடம் பேசிய அதே விலை. அது இருவருக்கும் தெரியும். இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

"சரித்தா. குடுத்தேன்."

கீர்த்தனியின் கை எரிந்துகொண்டிருந்தது. முருகலட்சுமி மோர் கொண்டுவந்து அதில் கையை முக்கச் சொன்னாள். அப்போதுதான் இதைச் சொன்னாள்: "ஒன்னு. எங்கண்ணன் வந்து கூப்புடணும். போன்ல இல்ல. இந்த வாசலுக்கு வரணும். அய்யா செத்தப்ப வந்தவரு, அப்பறம் எட்டிப் பாக்கல."

5

அன்றைக்கே கீர்த்தனி அவர் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னதும் குருநாதனுக்குக் கோபம் வந்தது. அதையும் நியாயமாகவே எழுத வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. "வீட்டுப் புள்ளைய எதுக்கும்மா போய்க் கூப்புடணும்? அவ எனக்கு என்ன விருந்தாளியா?" என்றார். அவருக்கு அது பாசம்.

"அவுக வித்துட்டாகண்ணே. எங்கிட்ட வெல பேசி வித்துட்டாக. நீங்க போய்க் கூப்புடுறதுதான் பாக்கி."

"நீ யாரு இதுல நடுவுல?"

"வாங்குறவ."

"வேற பார்ட்டி இருக்கு, தெரியும்ல? ஒன் முன்பணத்த வாங்கிக்கிட்டுப் போயிரலாம்."

"அந்தப் பார்ட்டிக்கும் அதே கையெழுத்துதான வேணும்?"

அவர் வாசலில் நின்ற காரைப் பார்த்தார். கீர்த்தனி போய் முன்கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். சசிகரனுக்கு இது தெரிந்தால் தலையில் அடித்துக்கொள்வான்.

"ஏம்மா, எறங்கு."

"ஏறுங்கண்ணே. தங்கச்சி வீட்டுச் சந்து மாறிப்போச்சு, புதுசா ரோடு போட்டுருக்காக. எனக்கு வழி தெரியும்."

6

முடிவு அ: குருநாதன் போகிறார். முருகலட்சுமி வாசலில் நிற்கிறாள். அண்ணன், மிளகாய் நெடியில் தும்முகிறார். (எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

முடிவு ஆ: அவர் போகவில்லை. சித்திரை வருகிறது, குழாய் மறுபடி சொட்டுகிறது. கீர்த்தனி

முடிவு இ: எழுதவில்லை.

மூன்றையும் வைத்துக்கொண்டு பல நாள் உட்கார்ந்திருந்தேன். பிறகு எனக்கு ஒன்று தெளிவானது. குருநாதனை ஸ்டியரிங்கின் முன் உட்காரவைக்க என்னால் முடியும், உட்காரவைத்துவிட்டேன். சாவி அவர் கையில் இருக்கிறது. அதைத் திருப்ப நான் சொன்னால், மறுபடியும் ஒருவரைக் கேட்காமல் செய்த காரியமாகிவிடும். அவரை நீங்கள் கேளுங்கள். உங்களுக்கும் ஒரு தங்கை இருக்கலாம், அல்லது ஒரு அண்ணன்.

கீர்த்தனியைப் பற்றி மட்டும் எனக்குக் குழப்பமில்லை. அவள் மிளகாய் எரிச்சல் அடங்காத கையால் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள். அவள் இறங்கமாட்டாள்.