நாற்பத்தொன்றாம் எண் படகு

எண்பத்தாறில் மீனவர் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் பட்டியல் வந்ததும் குமாஸ்தா அப்துல் ரவூபுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு படகுக்கும் முன்னால் ஓர் எண். அது மிஷின் தன் வசதிக்குத் தானே போட்டுக்கொள்ளும் எண், படகுக்கு உரியதல்ல என்று டவுன் ஆபீசில் சொல்லித்தான் அனுப்பினார்கள். மனுஷன் காதில் வாங்கினால்தானே! லைட்ஹவுஸ் குப்பம் முழுக்க நடந்து, அந்த எண்ணையே எல்லாப் படகிலும் பெயின்ட் அடிக்க வைத்தார்.

"ஆளாளுக்கு ஒரு கலரு அடிச்சிருக்கமே, அது போதாதா பாய்?" என்றாள் கிருஷ்ணனின் மனைவி இருசம்மாள்.

"கலரைப் போன்ல சொன்னா எவனுக்கும்மா புரியும்? நம்பர்தான் கரெக்டு."

மறு வருஷம் புதுப் பட்டியல் வந்தது. உடைந்த படகுகளை நீக்கிவிட்டு, மிச்சத்துக்கெல்லாம் மிஷின் முதலிலிருந்து எண் போட்டிருந்தது. ரவூப் பழசைக் கிழித்தெறிந்துவிட்டுப் புதுசை ஃபைலில் கோத்தார். திரும்பவும் மணலில் அலைந்து எண்ணை மாற்றி எழுதச் சொல்ல அவருக்குச் சோம்பல். மழை முடியட்டும் என்று விட்டுவிட்டார்.

ஐப்பசிப் புயலில் இரண்டு படகுகள் திரும்பவில்லை. இரண்டும் ஒற்றை ஆள் போகும் சின்னப் படகுகள். கிருஷ்ணன் வடக்கே போயிருந்தான், சிங்காரம் தெற்கே. மறுநாள் காலை சங்கத்துக்குத் தெற்கேயிருந்து போன் வந்தது.

"நாப்பத்தொண்ணாம் நம்பர் படகு இங்க கரை ஒதுங்கிருக்கு. ஆளு நல்லா இருக்காரு."

ரவூப் பட்டியலைப் புரட்டினார். நாற்பத்தொன்று, கிருஷ்ணன். புயல் அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, குப்பத்துக்கு ஓடினார். இருசம்மாள் அவர் காலில் விழுந்து அழுதாள். வடக்கே கிளம்பவிருந்த படகுகளும் சிங்காரத்தைத் தேடித் தெற்கே திரும்பின.

மூன்றாம் நாள் பஸ்ஸில் வந்து இறங்கியவன் சிங்காரம். அவன் படகில் இருந்தது பழைய பட்டியலின் நாற்பத்தொன்று.

அதற்கப்புறம்தான் வடக்கே போனார்கள். கவிழ்ந்த படகோடு கையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு கிடந்தான் கிருஷ்ணன். உயிர் போய் அரை நாள்கூட ஆகியிருக்காது என்றார்கள். பாவி, பாவி என்று ரவூப் தன்னையே திட்டிக்கொண்டு நின்றார். ஒரு வாளி பெயின்ட், ஒரு நாள் நடை. அதற்குச் சோம்பிய உடம்பை என்ன செய்தால் தகும்?

இருசம்மாள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"போன்ல பேர் இன்னான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே பாய்" என்றாள்.

கேட்டிருக்கலாம். அந்தப் போனுக்குப் பக்கத்தில்தான் சிங்காரம் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம்.