தாளிக்காத வீடு

கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் வீரம்மா குடியிருந்த பலகை வீட்டில் பல்லிகூடக் கத்துவதில்லை. பல்லி கத்தினால் அதற்குப் பலன் சொல்ல அந்த வரிசையில் நாலு பேர் இருந்தார்கள். வீரம்மா வீட்டுப் பல்லிகளைப் பற்றி மட்டும் அவர்களுக்கு எதுவும் சொல்லக் கிடைத்ததில்லை. அவள் வந்த புதிதில் அவை ஒன்றிரண்டு முறை கத்திப் பார்த்தன. வீரம்மா துடைப்பத்தோடு போய் நின்று ஒரு பார்வை பார்த்தாள். அதன் பிறகு அவை வாயைத் திறந்தது பூச்சி பிடிக்க மட்டும்தான்.

காரணம் உள்ளறையில் படுத்திருந்தது. அதன் பெயர் தம்புசாமி. அவள் புருஷன்.

தம்புசாமிக்குப் பலகை மில்லில் நிரந்தர நைட் ஷிப்ட். சாயங்காலம் ஆறரைக்கு சைக்கிளை எடுத்தால் காலை ஏழரைக்குத்தான் திரும்புவான். குளித்து, சாப்பிட்டு, எட்டு மணிக்குப் படுத்தால் நாலு மணி வரைக்கும் அந்த அறைக்கதவு மூடியிருக்கும். கல்யாணமான முதல் வாரத்தில் அவன் பேச்சோடு பேச்சாக ஒரு சேதி சொன்னான். கூட வேலை செய்யும் விஜயன், பக்கத்து வீட்டுக் கல்யாண மைக் செட்டால் பகலெல்லாம் தூங்காமல், ராத்திரி ரம்பத்துக்கு முன்னால் கண்ணயர்ந்து மூன்று விரலைக் கொடுத்துவிட்டான். போனது தெரியாமலே அடுத்த பலகைக்குக் கையை நீட்டினானாம். சொன்னவன் மறுநாளே மறந்துவிட்டான். கேட்டவள் மறக்கவில்லை.

அன்று முதல் வீரம்மா தன் புருஷனுடைய பத்து விரல்களுக்கும் காவல் இருந்தாள். சேவலைத் தூரத்தில் இருந்த சித்தப்பா வீட்டுக்கு அனுப்பினாள். ரொட்டிக்காரர் சந்து முனையிலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அவள் வீட்டைத் தாண்டும்வரை தள்ளிக்கொண்டு போனார். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்துக்காக மேலே கோணிச் சாக்குகளைப் பரப்பினாள். அடுத்த வருஷம் சாக்கில் புல் முளைத்தது. எங்கிருந்தோ இரண்டு ஆடுகள் ஏறி மேய்ந்தன. ஆடுகளும் சத்தம் போடவில்லை என்றுதான் அந்த வரிசையில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

கடுகு வெடிக்கிறதே என்று தாளிப்பதையும் விட்டுவிட்டாள். நாலு வருஷமாகத் தாளிக்காத சாம்பாரைத்தான் தம்புசாமி சாப்பிட்டான். அவள் பிறந்த ரப்பர் தோட்டத்தில் இப்படித்தான் சமைப்பார்கள் போலிருக்கிறது என்று எண்ணி, ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த வீட்டுக்குத்தான் ரமணி வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் நன்றாக அழுத பிள்ளை. வீட்டில் அவள் வாயைக் கோணும்போதே வீரம்மா தூக்கிக்கொண்டு பின்பக்கம் வாழைமரத்தைத் தாண்டி ஓடுவாள். ஓட முடியாதபோது வாயைப் பொத்துவாள். நடக்கக் கற்றதும் கொலுசு போடவில்லை. கரண்டி கீழே விழுந்தால் பிள்ளையின் தோள் இரண்டும் காதுவரை ஏறிக்கொள்ளும். கண் உள்ளறைக் கதவுக்குப் போகும். நாளடைவில் அவள் கரண்டியைத் துண்டை விரித்து அதன்மேல்தான் வைத்தாள். பசி என்றால் வயிற்றைத் தொட்டாள். தண்ணீர் என்றால் தொண்டையைத் தொட்டாள். பார்த்தவர்களெல்லாம் இப்படி ஒரு நல்ல பிள்ளை உண்டா என்றார்கள். வீரம்மாவுக்கும் பெருமைதான்.

வீரம்மாவுக்கென்று பேச ஆள் கிடையாது. அம்மா செத்துப் பல வருஷமாகிவிட்டது. பகலில் கூரையில் வளர்ந்த புல்லின் நிழல் சுவரில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் பாசாரில் மீன்காரர் எதையோ கேட்க, பதில் சொல்ல வாயைத் திறந்தவள் தன் குரலைக் கேட்டுத் தானே திரும்பிப் பார்த்தாள், யார் பேசியதென்று.

ரமணிக்கு மூன்று வயது நெருங்கும்போது கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தார்கள். அங்கே நர்ஸாக இருந்தவர் மிஸ்ஸி குணபூசணி. பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் ரயிலில் வருகிற யாழ்ப்பாணத்து அம்மா. இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளை நிறுத்து நிறுத்து, தூக்கியதும் எடை சொல்லிவிடுவார். தராசு வெறும் சாட்சிக்குத்தான்.

"வயசு மூண்டாகப் போகுது. நிறை ரெண்டு வயசுப் பிள்ளையின்ர நிறை" என்றார் அட்டையைப் பார்த்து. "கதைக்கிறாளோ?"

"ரொம்ப நல்ல பிள்ளைங்க மிஸ்ஸி."

"நல்ல பிள்ளையோ எண்டு நான் கேக்கேல்லை. பேச்சு வந்ததோ? அதுசரி, நீர் ஏன் குசுகுசுக்கிறீர்? இஞ்ச ஆர் நித்திரை?"

மிஸ்ஸி எழுந்தார். ரமணிக்குப் பின்னால் போய், எனாமல் தட்டொன்றை எடுத்து சிமெண்டுத் தரையில் போட்டார். பக்கத்து அறையில் ஊசிக்குக் காத்திருந்த பதினொரு பிள்ளைகளும் ஒரே மூச்சில் அலறின. வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவருக்குப் பல் செட் கழன்று மடியில் விழுந்தது. ரமணி திரும்பக்கூட இல்லை.

"காது" என்று முணுமுணுத்துக்கொண்டே மிஸ்ஸி பேனாவைத் திறந்தார்.

அப்போது பிள்ளை பெஞ்சிலிருந்து மெல்ல இறங்கியது. தோள்கள் காதைத் தொட்டுக்கொண்டிருந்தன. மிஸ்ஸியிடம் நடந்து வந்து, நிமிர்ந்து பார்த்து, உதட்டில் விரலை வைத்தது. பிறகு மூடியிருந்த டாக்டர் அறைக் கதவைக் காட்டி, இரண்டு கையையும் கன்னத்தில் சேர்த்துத் தலையைச் சாய்த்தது. உள்ளே ஆள் தூங்குகிறது.

டாக்டர் அப்போது தூங்கினாரா என்பது வேறு விஷயம். மிஸ்ஸி பேனாவை மூடினார். வீரம்மாவின் முகத்தைப் பார்த்தார். வீரம்மா நாலு வருஷக் கதையையும் குசுகுசுவென்று சொல்லி முடித்தாள்.

"காது நல்லாக் கேக்குது" என்றார் மிஸ்ஸி. "காவல்தான் கூடிப்போச்சு. இஞ்ச பாரும் பிள்ளை, எந்த நேரமும் பயந்துகொண்டிருக்கிற உடம்பில சோறு ஒட்டாது. தின்னுறதெல்லாம் பயத்துக்கே போயிரும். மூளை வளர்ற வயசு இது. ஆரும் கதைச்சாத்தான் அதுக்குக் கதை வரும். இந்த வயசு போனா, பிறகு வாறது வலு கஷ்டம்."

"நான் என்னங்க மிஸ்ஸி செய்யணும்?"

"கதையும். ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம், வாய் விட்டு. ரெண்டு மாசம் தாறன். ஒரு சொல்லும் வரேல்லை எண்டால் கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதுவன்." அட்டையை நீட்டியவர் சட்டென்று கேட்டார்: "நீர் கடைசியா ஆரோட சிரிச்சுக் கதைச்சனீர்?"

வீரம்மா யோசித்தாள். வீடு வந்து சேரும்வரை யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

அன்று சாயங்காலம் தம்புசாமி தட்டின்முன் உட்கார்ந்தபோது சொல்லத்தான் நினைத்தாள். சொன்னால் கவலைப்படுவான். கவலைப்பட்டால் தூக்கம் வராது. தூக்கம் வராவிட்டால் ரம்பம். அவள் சாம்பாரை ஊற்றினாள். அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனான்.

வீட்டில் பேச முடியாது. எனவே மறுநாள் அவன் படுத்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிள்ளான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், பந்திங் பஸ்ஸில் ஏறினாள். பின்சீட்டுக்கு அடியில்தான் எஞ்சினின் முக்கால்வாசி இரைச்சல் இருந்தது. அந்த இரைச்சலில் மனுஷன் என்ன பேசினாலும் யாரையும் எழுப்பாது. ஆனால் என்ன பேசுவது? பந்திங் வரை வாயைத் திறந்து திறந்து மூடினாள். திரும்பி வரும்போதும் அதேதான். பார்த்தவர்கள் பல்வலி என்று நினைத்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் கண்டக்டர் ஜெயராஜ் வந்து நின்றான். "யக்கா, தினம் போறீங்க, தினம் அதே பஸ்ல வர்றீங்க. எங்கதான் இறங்கணும்?"

"எங்கயும் இல்ல தம்பி. பிள்ளகிட்ட பேசணும். மிஸ்ஸி சொல்லியிருக்காங்க."

"அப்ப பேசுங்க லா! பேச்சுக்கு நான் டிக்கெட் கிழிக்கிறதில்ல."

அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அது லோரி" என்றாள். "அது மாடு. அது செம்பனை. அதுவும் செம்பனை." தெலுக் பங்லிமா காராங் வருவதற்குள் உலகத்தில் இருந்ததெல்லாம் தீர்ந்துபோயிற்று. அதற்குப் பிறகு பந்திங் வரைக்கும் செம்பனைத் தோட்டம்தான். வேறு வழியில்லாமல் வீரம்மா பொய் சொல்ல ஆரம்பித்தாள்.

"அந்த மாடு இருக்கே, அதுக்கு லோரி லைசன்ஸ் இருக்கு. நேத்து அதுதான் கிள்ளானுக்கு லோரி ஓட்டிட்டுப் போச்சு. போலீஸ் நிறுத்தினான். அது கொம்பைக் காட்டுச்சு, சரி போன்னு விட்டுட்டான்."

ரமணி திரும்பி அம்மாவின் வாயைப் பார்த்தாள். அந்த வாய் இவ்வளவு நேரம் திறந்திருந்து அவள் பார்த்ததேயில்லை.

அதற்குப் பிறகு தினமும் மாடு ஏதாவது செய்தது. மாடு தீர்ந்த நாளில் உண்மை வந்தது. நீ பிறந்தப்ப நான் தனியாத்தான் கிடந்தேன் என்றாள். உங்கப்பாவுக்கு லீவு கொடுக்கலை. பகல் பூரா சுவத்தையே பார்த்துக்கிட்டு இருப்பேன், சில நாள் கண்ணு தானா தண்ணி விடும், உன் வாயைப் பொத்தினேனே, அந்தக் கைய என்ன செய்யறதுன்னு தெரியல. எஞ்சின் இரைந்தது. கேட்க வேறு யாருமில்லை. பிள்ளை அவள் கன்னத்தில் ஒரு விரலை வைத்து, ஈரத்தை எடுத்துப் பார்த்தாள்.

பந்திங்கில் இறங்கி ஆளுக்கொரு வடை சாப்பிடுவார்கள். முதல் வாரம் ரமணி ஓரத்தைக் கடித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். ஐந்தாம் வாரம் தன் வடையை முடித்து அம்மாவுடையதில் கை வைத்தாள். பஸ் குலுங்கும்போது தோள்கள் மேலே ஏறுவது நின்றுபோனது. தொண்டைக்குள் ஒரு முனகல் வந்தது. எஞ்சினோடு சேர்ந்து அவளும் முனகுவாள். வீட்டு வாசல் வந்ததும் அதை விழுங்கிவிடுவாள்.

ஏழாம் வாரத்தில் ஒருநாள், ஜெயராஜ் படிக்கட்டில் தொங்கியபடி வழக்கம்போலக் கத்தினான்: "பந்திங்! பந்திங்! உள்ள போ, உள்ள போ!"

"பந்திங்" என்றாள் ரமணி.

தெளிவாக. ஜெயராஜ் போலவே கொஞ்சம் மூக்கால்.

ஜெயராஜ் மணியை நாலு தரம் அடித்தான். டிரைவர் பயந்து பஸ்ஸை நிறுத்தினார். செம்பனைக் காட்டு நடுவில் நின்ற பஸ்ஸில் எல்லாரும் எழுந்து பின்னால் பார்த்தார்கள். "யக்கா, என் ஊரைச் சொல்லிச்சு உங்க பிள்ள!" என்று அவன் கூவினான். வீரம்மா சிரித்தாள். அம்மா என்று சொல்லவில்லையே என்று உள்ளே ஒரு முள் குத்தத்தான் செய்தது. அதையும் சேர்த்துச் சிரித்தாள்.

மிஸ்ஸி குறித்த தேதிக்கு இரண்டு நாள் இருந்தபோது பெரிய மழை. பஸ்ஸுக்குப் போக முடியவில்லை. பதினோரு மணி இருக்கும். வீரம்மா குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முன்னறையில் ரமணி நாற்காலி இரண்டையும் முக்காலியையும் வரிசையாக நிறுத்தி, கடைசி நாற்காலியின் பின்கட்டையைப் பிடித்துத் தொங்கினாள்.

"பந்திங்! பந்திங்! உள்ள போ!"

கீரை கீழே விழுந்தது. வீரம்மா ஓடினாள். கை தானாக எழுந்து பிள்ளையின் வாய்வரை போனது. ஒரு சாண் இருக்கும்போது அந்தக் கையை அவள் நிறுத்தினாள். தன் கையை நிறுத்த அவ்வளவு பலம் வேண்டுமென்று அவளுக்கு அதுவரை தெரியாது. உள்ளே கட்டில் முனகியது. கதவு திறந்தது.

தம்புசாமி கைலியை இறுக்கிக்கொண்டு நின்றான். கண்கள் சிவந்திருந்தன. "யாரு வீட்டுப் பிள்ள இது, கத்துனது?"

"நம்ம பிள்ளதான்."

அவன் ரமணியைப் பார்த்தான். அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டாள்.

"எழுப்பிட்டோமா?" என்றாள் வீரம்மா. "நான் வேணா வெளிய கூட்டிட்டுப்…"

"தூங்கினாத்தானே எழுப்ப முடியும்" என்றான் தம்புசாமி. முக்காலியில் உட்கார்ந்தான். "இந்த வீட்டுல எனக்குத் தூக்கமே வரல புள்ள. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து. மில்லுல அந்த இரைச்சல்ல, சாப்பாட்டு நேரம் பாய்லர் பக்கத்துல அரை மணி நேரம் விழுந்து கிடப்பேன். அதுதான் என் தூக்கம். இங்க படுத்தா, செத்த வீடு மாதிரி இருக்கு. கூரையப் பார்த்துக்கிட்டு கிடப்பேன்."

"சொல்றதுதானே?"

"என்ன சொல்றது? நீ பேசவே மாட்ட. சாம்பார்ல தாளிப்புக்கூடப் போட மாட்டேங்கிற. என்மேல ஏதோ கோபம், அதான் பேச்ச நிறுத்திட்டன்னு நெனச்சேன். மேல பேசினா நீ போயிடுவியோன்னு…"

வீரம்மா அவனையே பார்த்தாள். ஒரு பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவனும், கண் திறந்தபடி, நாலு வருஷம். அவளுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. விஜயனின் விரல்கள், மிஸ்ஸியின் கடிதம், ஒடுங்கிப்போன தோள்கள், எல்லாம். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவள் தொண்டையைச் செருமினாள்.

அதற்குள் ரமணி நாற்காலிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். முக்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரிய ஆளை, பஸ்ஸில் ஏறிய புது ஆளைப் பார்ப்பதுபோல, ஏற இறங்கப் பார்த்தாள். நடுவழியில் உட்கார்ந்திருந்தான்.

"உள்ள போ" என்றாள், மெல்ல.

தம்புசாமி எழுந்து சுவரோரத்து நாற்காலிக்கு நகர்ந்தான். பஸ் கிளம்பியது. ரமணி எஞ்சினாகவும் மணியாகவும் கண்டக்டராகவும் ஒரே வாயால் கத்தினாள். தெலுக் பங்லிமா காராங் வருவதற்குள் தம்புசாமியின் தலை பலகைச் சுவரில் சாய்ந்துவிட்டது. வாய் திறந்து, குறட்டை கிளம்பியது.

வீரம்மா முக்காலியில் உட்கார்ந்தாள். "கேளுங்க" என்றாள் அவனிடம், வாய் விட்டு. அவன் கேட்கவில்லை. அவள் சொல்லத் தொடங்கினாள்.