டிரம் சத்தம் விழுந்த வீடு

இளவழகன் கும்பகோணத்தில் அடித்த ஸ்னேர் டிரம்மின் சத்தம் கும்பகோணத்தில் கேட்கவில்லை. ஒரு மணி நேர பஸ் தூரத்தில், குத்தாலத்தில் மர்யம் என்கிற தையற்காரியின் வீட்டுக்குள் மட்டும் கேட்டது. இரண்டாயிரத்து இருபத்திரண்டு தை மாதத்திலிருந்து அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரில் காதை வைத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மர்யம் வீட்டு மாடிக்குக் குடிவந்த மூன்று குடும்பங்கள், முகூர்த்த நாட்களின் சாயங்காலங்களில் விழுந்த அடியைத் தாங்கமாட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாகக் காலி செய்துகொண்டு போயின.

இளவழகனுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பகலில் உரக்கடையில் வேலை, சாயங்காலத்தில் கல்யாண வரவேற்புகளில் மெல்லிசைக் கச்சேரி. புது டிரம்கள் எல்லாம் ஒரே தொண்டையில் பேசுகின்றன என்பது அவன் கட்சி. பழையதாக மூன்று வைத்திருந்தான். கலைந்துபோன பேண்டு வாத்தியக் குழு ஒன்றிடம் வாங்கிய மர டிரம் காய்ந்த உளுந்தை முறத்தில் புடைப்பதுபோலக் கேட்கும் என்பான். மற்ற இரண்டையும் பற்றிப் பேசத் தொடங்கினால் அவன் மனைவி சுடர்விழி அடுப்படிக்குள் போய்விடுவாள். நான்காவதை ஒரு பித்தளைக் கடையில், ஓட்டைக் குடங்களுக்கும் காது போன அண்டாக்களுக்கும் அடியில் கண்டெடுத்தான். உடம்பு முழுக்கப் பித்தளை, நூறு வயதாவது இருக்கும். அழுக்கைத் தேய்த்து, புதுத் தோல் மாட்டி, அடியில் கரகரக்கும் எஃகுக் கம்பிகளை முறுக்கிக் கட்டி, முதல் அடி அடித்தான். சத்தம் வரவில்லை. ஆனால் குச்சி எகிறித் திரும்பிய விதத்தில் அவன் மணிக்கட்டுக்குத் தெரிந்துவிட்டது, இதுவரை கைப்பட்ட எந்த டிரம்மிலும் இல்லாத சத்தம் ஒன்று இதிலிருந்து கிளம்பி எங்கோ போயிருக்கிறது என்று.

அன்றிலிருந்து அவனால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உர மூட்டைகளைத் தட்டிப் பார்த்தான். சாப்பிடும்போது எழுந்து போய் டிரம்மின் திருகுகளை இறுக்கினான், தளர்த்தினான். கச்சேரிக்கும் அதையே கொண்டுபோனான். கீபோர்டு வாசிக்கும் ராம்கிதான் குழுவின் தலைவன். "அண்ணே, கை மட்டும் ஆடுது, சத்தத்த காணோமே?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டான். பிறகு கேட்கவில்லை, ஸ்டூடியோவில் பதிந்த தாளத்தை லேப்டாப்பில் ஓடவிட்டான். இளவழகன் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓசையில்லாமல் அடித்துக்கொண்டிருந்தான்.

மர்யம் அவனைக் கண்டுபிடித்தது போன் வழியாக. சொந்தக்காரர் வீட்டு வரவேற்பை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் இளவழகனின் கை இறங்கும்போதெல்லாம் அவள் தையல் மிஷினுக்கு மேலே அடி விழுந்தது; ஒன்றுகூடப் பிசகவில்லை. அந்தச் சொந்தக்காரரிடம் ஆளை விசாரித்துக்கொண்டு, திங்கட்கிழமை காலை போனைக் கையில் பிடித்தபடி உரக்கடைக்கு வந்து நின்றாள்.

"தம்பி, நீங்கதானே இது? ஒரு வருசமா எங்க வீட்டுல வந்து விழுதுப்பா. தயவுசெஞ்சு நிறுத்துங்க."

இளவழகன் கேட்டது ஒன்றே ஒன்று. "எப்படிக்கா இருக்கு அந்தச் சத்தம்?"

மர்யத்துக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு யோசித்துச் சொன்னாள். "கோடித் துணிய ஒரே இழுப்புல கிழிச்சா வருமே, அப்படி. கடைசில கொஞ்சம் மணலு கொட்டுறாப்பல."

அடுத்த ஞாயிறு அவன் குத்தாலத்துக்குப் போய் அவள் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தான். சொன்ன நேரத்துக்குக் கும்பகோணத்தில் ராம்கி நாலு அடி அடித்தான். அது அறைக்கு நடுவில், தலை உயரத்தில் வந்து விழுந்தது. இளவழகன் எழுந்து அந்த இடத்தைக் கையால் துழாவினான். அதன்பிறகுதான் ஆட்டம் அதிகமாகிவிட்டது: கேட்டது ராம்கியின் விகாரமான அடி, தன் கை அந்தப் பித்தளையில் எப்படிப் பேசும் என்று தெரிய வேண்டும். தன் வீட்டிலிருந்து போன் போட்டு, மர்யத்தைப் போனை நீட்டிப் பிடிக்கச் சொல்லி அடித்துப் பார்த்தான். போனில் அவள் வீட்டு மின்விசிறி மட்டும்தான் கேட்டது.

வாரா வாரம் குத்தாலத்துக்குப் போகிறவனைச் சுடர்விழி எத்தனை நாள் பொறுப்பாள்? "சத்தமே வராத டிரம்முக்காகத் தையல்காரி வீட்டுக்குப் போறேங்கறீங்க. இத நான் நம்பணுமா?" என்றாள். அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அவள் பெட்டியை எடுத்து, குடவாசலில் இருக்கும் அம்மா வீட்டுக்குத் துணி அடுக்க ஆரம்பித்தாள். அவளைத் தடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. காலோ வாசலுக்குப் போய்விட்டது. குத்தாலத்தில், அந்த வீட்டுக்குள்ளேயே வைத்து அடித்தால் சத்தத்துக்கு வேறு போக்கிடம் ஏது என்ற யோசனை அன்று விடியலிலிருந்தே அவனை அரித்துக்கொண்டிருந்தது. டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனான்.

மர்யம் மிஷினை நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தான். இருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அடித்தான், வேகமாக, வெறியோடு, தோள் வலிக்கும்வரை. அப்போது போன் அடித்தது. சுடர்விழி.

"என்னங்க, வீட்டப் பூட்டலாம்னு நின்னேன். கூடத்துல யாரோ டிரம் அடிக்கிறாங்க. ஆளக் காணோம்."

அவன் மூன்று அடி அடித்தான். "மூணு" என்றாள். அடுத்து ஏழு அடித்தான். "ஏழு."

"இதுதானா அது?" என்றாள். அவள் குரல் மாறியிருந்தது. "இவ்ளோ நல்லா இருக்குன்னு ஏங்க சொல்லல?"

"எனக்குத் தெரியாதே, சுடரு."

"நிறுத்தாதீங்க. இன்னும் கொஞ்சம் அடிங்க."

அவன் அடித்தான். மர்யம் எழுந்து போய் விட்ட இடத்திலிருந்து ஜாக்கெட்டைத் தைத்தாள்.

இப்போது ஞாயிறுதோறும் எட்டு மணி பஸ்ஸில் இளவழகன் டிரம்மோடு குத்தாலம் போகிறான். கச்சேரிக்குப் பழைய மர டிரம்மையே எடுத்துப்போகிறான். மர்யம் வீட்டு மாடியில் நான்காவது குடித்தனம் நிலைத்துவிட்டது. சாயங்காலம் வீடு திரும்பியதும் செருப்பைக் கழற்றாமலே சுடர்விழியிடம் கேட்கிறான், எந்த இடம் நன்றாக விழுந்தது என்று; அவள் வாயால் தாளம் போட்டுக் காட்டுகிறாள், அவன் போதாது என்று மறுபடி கேட்கிறான். போன ஞாயிறு சிலிண்டர் போட வந்தவர் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "யாரும்மா அடிக்கிறது?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர்தான்" என்றாள் சுடர்விழி. "குத்தாலத்துல இருக்காரு. சிலிண்டர அந்த ஓரமா வைங்க."