அவர் எடுத்த படம் இல்லை

“இன்னும் கொஞ்சம் மேல ஏத்துங்கப்பா, ரோட்டுல போறவுகளுக்குத் தெரியணும்ல!”

வாசலில் கொழுந்தன் ஜெய்சன் கத்துவது ஹாலுக்குள் கேட்டது. குளிர்பெட்டிக்குள் கிடந்த கணவர் லாசரை விட்டு எழுந்து டயானா வெளியே வந்தாள்.

சவுக்குக் கட்டைச் சட்டத்தில் பெரிய ஃப்ளெக்ஸ். நீலமும் ஊதாவுமாய்ச் சுழலும் விண்மீன் மண்டலம். அதன் நடுவில் லாசரின் தலை. கீழே, ‘விண்வெளி விஞ்ஞானி’.

மின்வாரியத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர் லாசர். அமாவாசை வந்தால் தொலைநோக்கியையும் கேமராவையும் பழைய மாருதியில் ஏற்றிக்கொண்டு, விளக்கு வெளிச்சமே இல்லாத உசிலம்பட்டிக் காட்டுப்பக்கம் போய்விடுவார். விடிந்து வந்ததும் பல்கூட விளக்காமல் அவளிடம்தான் படத்தைக் காட்டுவார். கறுப்புக்குள் ஒரு சாம்பல் திட்டு.

“மூணு கோடி வருசத்துக்கு முந்திப் பொறப்பட்ட வெளிச்சம், டயானா.”

“கேஸ் தீந்துபோச்சு. அந்த வெளிச்சத்துல சோறு பொங்கவா?”

ஜெய்சனோ கல்யாண வீடுகளில், “எங்கண்ணனுக்கு மேல கழண்டுருச்சு” என்று விரலைச் சுழற்றிக் காட்டுவான். பந்தியே சிரிக்கும். அவளும் சிரித்திருக்கிறாள்.

இப்போது அவன் பங்குச்சாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். “எங்க குடும்பத்துல ஒரே சயின்டிஸ்ட், ஃபாதர். நாங்கதான் என்கரேஜ் பண்ணுனோம்.”

டயானா அவனருகே போனாள்.

“இந்தப் படம் ஏது?”

“நெட்டுல எடுத்தது மதினி. அண்ணன் எடுத்ததைத்தான் மொதல்ல கடையில காட்டுனேன். என்ன சார் அழுக்கா இருக்குன்னு சிரிக்கிறான்.”

“நீயும் சிரிச்சியா?”

ஜெய்சன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான்.

“கழட்டு.”

“சனம் வந்துக்கிட்டிருக்கு மதினி. எது யாரு எடுத்ததுன்னு இங்க எவனுக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும். அவரு படத்துல நட்சத்திரமெல்லாம் எடது பக்கமா இழுத்துக்கிட்டு நிக்கும். கேமரா மாட்டுற ஸ்டாண்டு வானத்தோட சேந்து சரியாச் சுத்தாது. அம்புட்டுப் படத்தையும் பாத்தவ நான். எவனோ எடுத்த படத்துக்குக் கீழ எம்புருசன் போக வேணாம்.”

“துக்கத்துல பேசுறீங்க.”

“ஆமா. நீ எதுல பேசுற?”

சாமியார் செல்போனைப் பார்க்கத் தொடங்கினார். ஜெய்சன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டியவர்களுக்குச் சைகை காட்டினான். அவர்கள் கயிற்றை அறுத்தார்கள். லாசரின் தலை மடங்கி, மண்டலத்தோடு சுருண்டது.

கட்டைச் சட்டம் மட்டும் வாசலில் நின்றது. அதனூடே தெரிந்த ரோட்டில் திருமங்கலத்துப் பஸ் ஒன்று ஒரு பக்கமாக வந்து மறுபக்கமாகப் போயிற்று. அது மறையும்வரை டயானா பார்த்துக்கொண்டு நின்றாள்.