தலைகீழ்ப் பாலம்

மாத்ரித்தின் பெரிய சதுக்கத்தில், வளைவுகளுக்குக் கீழே, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் பழைய காசு விற்கிறேன். தங்கக்காசு தேடி வருபவர்களின் முகம் எனக்கு நினைவில் நிற்பதில்லை. எவுதிமியோவும் கசில்தாவும் வேறு ரகம். அவர்களுக்கு வேண்டியது பிழை.

செகோவியா நாணயச்சாலையில் ராஜாக்கள் காலத்தில் அடித்த செப்புக்காசுகளில், ராஜாவின் தலைக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு நீர்ப்பாலம் இருக்கும். அந்த ஊரின் குறி அது. அச்சில் அதைக் கையால் தட்டிப் பதித்தார்கள். சில காசுகளில் ஒரு வளைவு குறைந்திருக்கும். சிலவற்றில் குறியின்மேல் குறி ஏறியிருக்கும். அபூர்வமாகப் பாலமே தலைகீழாக நிற்கும். காசு என்னவோ சாதாரணக் காசுதான். கணவாய் மீன் வைத்த ரொட்டி வாங்கும் பணத்துக்கு அதையும் வாங்கிவிடலாம். வாங்குகிறவர்கள் யாரும் பாலத்தைப் பார்ப்பதுகூட இல்லை.

இவர்கள் இருவர் மட்டும் பார்த்தார்கள். எவுதிமியோ இதே மாத்ரித்தின் வயேகாஸ் பேட்டைக்காரர், மெட்ரோ ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். கசில்தா செகோவியாவில் மருந்துக்கடை வைத்திருந்தவள். முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். கோணல் பாலம் ஒன்று என் தட்டில் விழுந்தால் போதும், இருவரும் மாற்றி மாற்றி விலை ஏற்றுவார்கள்.

"வயேகாஸ்காரருக்கு எங்க ஊர்ப் பாலம் எதுக்காம்? சுரங்கத்துலயே இருந்தவரு, பாலத்தக் கண்டாரா?"

"உங்க ஊர்ல ஒரு பாலத்த நேரா அடிக்கத் தெரியல. இதுல பெருமை வேற!"

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். அந்தக் கூத்தாடி நான்தான்.

போன குளிர்காலம் முழுக்கக் கசில்தா வரவில்லை. இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தாள். எவுதிமியோ தனியாக வந்தார். வளைவு குறைந்த காசு ஒன்றைக் காட்டினேன். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அந்தம்மா கேட்கலியா?"

"அவங்க ஆஸ்பத்திரியில கெடக்காங்க ஐயா."

அவர் கேட்ட விலைக்கே கொடுத்தேன். போட்டிக்கு ஆள் இல்லையே! ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. மறுநாளே செகோவியாவுக்குப் போய், அந்தக் காசை அவள் கட்டிலோரத்தில் வைத்துவிட்டு வந்தார் என்று பிறகு தெரிந்தது. "உங்களுக்குத்தான் பத்திரமா வாங்கினேன்" என்றாராம். "பொய்யி! கண்ணு ரெண்டும் காசு மேலயே இருக்கு பாருங்க" என்று அவள் சிரித்தாளாம்.

வசந்தத்தில் அவள் ஊன்றுகோலோடு வந்தாள். எனக்கு ஒரே குஷி. நல்ல தலைகீழ்ப் பாலம் ஒன்று அகப்பட்டிருந்தது, நடுவில் வைத்தேன்.

"நீங்க எடுத்துக்கோங்க" என்றார் எவுதிமியோ.

"ஐயோ, நீங்க எடுங்க. நான் பார்த்ததே போதும்."

"முதல்ல நீங்க."

இந்த உபசாரம் முடியாமலே இருவரும் காபி குடிக்கப் போய்விட்டார்கள். அந்த நேரம் பார்த்து வந்த ஒருவர், சின்ன மகளுக்கென்று அதே காசை எடுத்தார். பிழையை எடுத்துச் சொன்னேன். "அப்படியா?" என்றதோடு சரி. சாதாரண விலைதான் கிடைத்தது.

திரும்பி வந்தவர்களிடம் சொன்னேன். இருவர் முகமும் வெளுத்தது. அடுத்த நிமிடம் ஊன்றுகோலோடு அவளும் கூடவே அவருமாகச் சதுக்கத்தைக் கடந்து ஓடினார்கள். மூலையில் கணவாய் ரொட்டிக் கடையில் அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்களாம். மூச்சு வாங்க எவுதிமியோ கேட்டிருக்கிறார்:

"அந்தக் காசக் குடுத்திருங்க, நாலு மடங்கு தர்றோம். அதுல பாலம் தலைகீழா இருக்கு."

சிறுமி காசைத் திருப்பிப் பிடித்தாள்.

"இப்ப நேரா இருக்கே!"

"ராஜா தலைகீழா நிக்கிறாரேம்மா!" என்றாள் கசில்தா.

"நிக்கட்டும். எனக்குப் பாலந்தான் புடிச்சிருக்கு. நான் தரமாட்டேன்."

வெறுங்கையோடு வந்து என் மேசைமேல் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். "நம்ம கூட்டத்துல ஒரு ஆள் கூடிருச்சு, மிலா" என்று என்னிடம் சொன்னார் எவுதிமியோ.

இப்போது இருவரின் காசுப் பெட்டிகளும் செகோவியாவில் ஒரே அலமாரியில் இருக்கின்றன. எவுதிமியோவும் வாரத்தில் பாதி நாள் அங்கேதான். ஞாயிறன்று ஒரே பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். எதை எடுத்து வைத்தாலும் அவர் உதட்டைப் பிதுக்குவார், "இத யாரு வாங்குவா, எங்கள விட்டா?" என்பாள் அவள். உண்மைதானே? விலையைக் குறைத்துக் கொடுக்கிறேன். கடையைக் கட்டி நான் பையை மூடியதும் அவர் மூன்று பேருக்கும் காபி சொல்கிறார்.