ஓடுபாதையில் நின்ற புள்ளி

என் வீட்டுக்காரர் இஞ்ஞாசி இருபத்திரண்டு வருஷமாக வளைகுடாவில் மீன்பிடி லாஞ்சு ஓட்டுகிறார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட வரும் நாளைச் சொல்லிவிட்டு ஊருக்கு வந்ததில்லை. கேட்டால், சொல்லிவிட்டு வருகிறவன் விருந்தாளி என்பார்.

முதல் தடவை வந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இராஜாக்கமங்கலம் துறையில் எங்களுக்குக் கல்யாணம் முடிந்து பதினாலு மாதம். பழைய நைட்டியில் உட்கார்ந்து நண்டு உடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் டாக்சி நின்றது.

"ஏட்டி, ஆளு வந்தா எழும்ப மாட்டியா?"

எழுந்த வேகத்தில் சட்டி கவிழ்ந்தது. மூன்று நாள் பேசாமல் இருந்தேன் என்று சொல்ல ஆசைதான். மூன்று நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

பிறகு மகள் பெபிஷா, அவர் போன் இருக்கும் இடம் என் போனில் தெரியும்படி செய்து கொடுத்தாள். வரைபடத்தில் அவர் முகம் போட்ட ஒரு புள்ளி. கரையோரம் டவர் கிடைத்தால் அசையும், ஆழத்துக்குப் போனால் நின்றுவிடும். அந்தப் புள்ளி விமான நிலையத்துக்குப் போனால் கள்ளன் புறப்பட்டுவிட்டான் என்று அர்த்தம். நான் கூப்பிடவே மாட்டேன். குளித்து, பூ வைத்து, கிழங்கு அவித்து, சாளை மீனில் புளிமுளம் குழம்பு வைத்துவிட்டு, டாக்சி சத்தம் கேட்டதும் ஒன்றும் தெரியாதவள்போல வாயைப் பிளப்பேன். ஆறு தடவை இப்படி ஏமாந்திருக்கிறேன். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படியேறும் அழகுக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏமாறலாம்.

போன ஜூனில் அந்தப் பக்கம் சண்டை மூண்டது. டிவியில் எந்நேரமும் ஏவுகணை. மெழுகுதிரி ஏற்ற மாதா கெபிக்கு நடையாய் நடந்தேன். ஐந்தாம் நாள் காலை ஒன்பது மணிக்குப் புள்ளி விமான நிலையத்தில், ஓடுபாதை நடுவே இருந்தது. அதோடு அசைவில்லை. விமானத்தில் ஏறியதும் போனை அணைக்கச் சொல்வார்களே, அதுதான் என்று நினைத்துக்கொண்டு சாளை வாங்க ஓடினேன்.

நாலு மணி ஆனது. டாக்சி வரவில்லை. ஐந்து மணிக்கு அடுத்த தெரு வியாகுலம்மாள் பட்டுச்சேலை சரசரக்க வந்தாள். அவள் கணவருக்கும் லாஞ்சில்தான் வேலை, ஆனால் வேறு துறைமுகம்.

"மக்கா பெமிலா, எனக்க ஆளும் வாறாரு. காலையில ஏர்போர்ட்டில நின்னாரு, பாரு."

அவள் போனிலும் அதே ஓடுபாதை. ஒரே விமானத்தில் வருகிறார்கள் என்று இரண்டு பேரும் சிரித்தோம். என் கொழுந்தன் யூஜின் சிரிக்கவில்லை. அவன் சரக்குக் கப்பலில் மேட் என்கிற அதிகாரி, விடுப்பில் வந்திருந்தான். இரண்டு போனையும் வாங்கிப் பார்த்தான்.

"மைனி, அவிய ஏர்போர்ட்டில இல்ல. சண்டைக்காரனுவ எதிராளிக்க டிரோன் வழி தப்பணும்னு பொய் சிக்னல் விடுவானுவ. மேல இருந்து வாற சாட்டிலைட் சிக்னல் ரொம்ப மெலிசு, இது அத அமுக்கிப்போடும். அங்க கெடக்குற கப்பலு, லாஞ்சு, போனு எல்லாமே ஏர்போர்ட்டில நிக்கிறதாத்தான் காட்டும்."

"அப்ப அவிய எங்க?"

"கடல்லதான். எங்கன்னு அவியளுக்கே தெரியாது."

மீதியை அவன் சொல்லவில்லை, எங்களுக்கே தெரியும். கடலில் எல்லைக்கு வேலி கிடையாது, ஜிபிஎஸ் ஒன்றுதான் காட்டும். தாண்டிவிட்டால் அக்கரை நாட்டுக் காவல்படகு பிடித்துக்கொண்டு போய்விடும். பக்கத்து ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் எட்டு மாதம் அந்த நாட்டுச் சிறையில் கிடந்தார்கள். இரண்டு பேர் நம்பருக்கும் அடித்துப் பார்த்தோம், கிடைக்கவில்லை. வியாகுலம்மாள் பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். புளிமுளத்தை யாரும் தொடவில்லை.

அதிலிருந்து மூன்றாம் நாள் உச்சிவேளையில் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு.

"ஏட்டி, பேடிச்சியா?"

"பயந்தேன்தான். எங்க இருந்திய?" என்றேன்.

"எந்தப் பக்கம் போனாலும் எல்லை தாண்டிருவோம்னு நங்கூரம் போட்டுக் கெடந்தோம். வியாகுலத்துக்க ஆளுக்க லாஞ்சும் பக்கத்துலதான் கெடந்துது. இன்னைக்கு ஒரு கப்பலுக்குப் பின்னால ரெண்டும் கரை சேந்தாச்சு. எனக்க போனிலயும் ஏர்போர்ட்டுதான் காட்டிச்சு. அப்பவே நெனச்சேன், நீ சாளை வாங்க ஓடியிருப்பன்னு."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஆறு தடவையும் தெரியும். பூவும் வச்சு, புதுச்சேலையும் உடுத்துகிட்டு எவடி வீட்டுல சும்மா இருப்பா?"

சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை.

"வியாழக்கிழமை டிக்கெட் போட்டாச்சு," என்றார். "மூணு மணிக்குத் திருவனந்தபுரம். நீயும் பெபிஷாவும் வந்து நில்லுங்க. அந்தப் புள்ளிய இனி நம்பாத."

வரும் நாளையும் நேரத்தையும் சொல்லச் சொல்லி எத்தனை வருஷம் மல்லுக்கட்டியிருப்பேன். கேட்டது கிடைத்ததும், இனி ஏமாற வழியில்லை என்றுதான் பட்டது.

"சொல்லண்டாம். வழக்கம்போல வாங்க," என்றேன்.

"இல்லட்டி," என்றார். "இனி சொல்லிட்டுத்தான் வருவேன்."