ரிப்பன் கட்டிய மூன்று வயர்கள்

"ஏசியில வெறும் காத்துதான் வருது," என்றாள் அக்கா.

குரலை உயர்த்தாமல், ரொம்ப நிதானமாகச் சொன்னாள். அக்கா நிதானமாகப் பேசினால் விஷயம் கைமீறிப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அம்மா, அத்தான், தங்கை மூவரும் போட்டது போட்டபடி எழுந்து கேக் அறை வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அது முன்பு அக்காவும் அத்தானும் படுக்கிற அறை. அக்கா கேக் செய்து விற்க ஆரம்பித்ததும் கட்டில் கூடத்துக்கு வந்துவிட்டது, ஏசி கேக்குக்கு என்று ஆகிவிட்டது. நடு மேசையில் இப்போது மூன்று அடுக்குகள் தனித்தனியாக நின்றன. யாரோ ஒரு தம்பதியின் வெள்ளி விழாவுக்கான கேக். சாயங்காலம் விருந்து மண்டபத்திலிருந்து வண்டி வரும். இது நல்லபடியாகப் போனால் இனி மண்டபத்துக் கேக் எல்லாம் உங்களுக்குத்தான் என்று மேலாளர் வாய்விட்டே சொல்லியிருந்தார். ஃப்ரிட்ஜில் ஓர் அடுக்குகூட நுழையாது. ஜன்னலுக்கு வெளியே வெயில் சுவரைக் காய்ச்சிக்கொண்டிருக்க, கீழ் அடுக்கின் விளிம்பில் கிரீம் இப்போதே மினுமினுக்க ஆரம்பித்திருந்தது.

அக்கா வழக்கமான மெக்கானிக்கைப் போனில் பிடித்தாள்.

"நாளன்னைக்குக் காலையில முதல் வேலை உங்க வீடுதான்மா," என்றார் அவர்.

"நாளன்னைக்கு வந்தீங்கன்னா கேக்கை டம்ளர்ல ஊத்திக் குடுக்கறேன்," என்று சொல்லி வைத்துவிட்டாள் அக்கா.

வேறு இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒருவர் எடுக்கவில்லை. இன்னொருவர் எடுத்து, வேறெங்கோ மொட்டை மாடியில் நிற்பதாகக் கத்தினார். அதற்குப் பிறகுதான் எல்லோருடைய பார்வையும் மெல்லத் தங்கையின் பக்கம் திரும்பியது.

பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவது அவள் வேலை; அன்று கடைக்கு லீவு. மாலையில் ஏசி பழுதுபார்க்கும் வகுப்பு. வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து சட்டைப் பையில் பேனாவைப் போல ஒரு டெஸ்டரைச் செருகிக்கொண்டு திரிந்ததால் அத்தான் அவளுக்கு டெஸ்டர் என்றே பெயர் வைத்துவிட்டார்.

"என்ன டெஸ்டர், படிச்ச படிப்பு என்ன சொல்லுது?"

படிப்பு என்ன சொல்லும்? இதுவரை அவள் சரிசெய்தவை எல்லாம் வகுப்பு மேசையில் இருந்த ஏசிகள். வாத்தியாரே வேண்டுமென்று கெடுத்து வைத்தவை. தப்பாகச் செய்தால் அவரே மாற்றிவிடுவார். இங்கே கெடுத்தவர் யாரென்று தெரியாது, மாற்றிவிட ஆளும் இல்லை. ஆனாலும் வாய் மட்டும், "முதல்ல சத்தத்தைக் கேக்கறேன்," என்றது.

பால்கனியில் ஏசியின் வெளிப்பெட்டி நின்றது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து கம்ப்ரசர் 'ம்ம்ம்' என்று முக்கியது. கொஞ்ச நேரம் முக்கிவிட்டு 'டக்'கென்று ஓய்ந்தது. மறுபடி முக்கியது, மறுபடி ஓய்ந்தது. எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் உட்கார்ந்துவிடுகிற ஆளைப் போல இருந்தது அது.

"கெபாசிட்டரா இருக்கலாம்," என்றாள். உடனே, "இல்லாமயும் இருக்கலாம்," என்றாள்.

"ரெண்டுல ஒண்ணு நிச்சயம்னு சொல்லு," என்றார் அத்தான்.

"கிளப்பிவிடறதுக்கு ஒரு தள்ளு வேணும்ல, அந்தத் தள்ளைக் குடுக்கற டப்பா. அது செத்துப்போனா இப்படித்தான் முக்கும்."

அக்கா அவளை ஒரு கணம் பார்த்தாள். "கழட்டு. உனக்கு என்ன வேணுமோ கேளு."

வகுப்பில் இரண்டு சட்டங்கள் உண்டு. தொடுவதற்கு முன் என்ன செய்யப்போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கரண்ட்டை யார் அணைத்தாரோ அவர்தான் திரும்பப் போட வேண்டும், வேறு யாரும் சுவிட்சில் கை வைக்கக் கூடாது. தங்கை ஏசியின் பிரேக்கரைக் கீழே தள்ளினாள். அதன்மேல் டேப் ஒட்டினாள். வீட்டாரைக் கூப்பிட்டு இரண்டாவது சட்டத்தை விளக்கினாள். எல்லோரும் பக்தியாகத் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நம்பியதுதான் அன்று அவள் செய்த ஒரே தப்பு.

"இப்ப டெஸ்டர் வைக்கறேன்," என்று அறிவித்தாள். எரியவில்லை. "இப்ப மூடியைக் கழட்டறேன்."

"சமையல் நிகழ்ச்சி மாதிரியே இருக்கு," என்றார் அத்தான் கதவோரத்திலிருந்து. "அடுத்து ரெண்டு சிட்டிகை உப்பா?"

மூடியைக் கழற்றியதும் டப்பா கண்ணில் பட்டது. தட்டையாக இருக்க வேண்டிய அதன் தலை, கோபித்துக்கொண்ட கன்னம் போல உப்பியிருந்தது. கெட்டுப்போன டப்பாவிலும் மின்சாரம் மிச்சமிருந்து கையைப் பதம் பார்த்துவிடும் என்பதால், வயர் பூட்டிய ஒரு பழைய பல்பை அதன் முனைகளில் வைத்தாள். பல்பு சிமிட்டவில்லை. டப்பா காலியா, பல்பே ஃபியூஸா? பல்பைக் கொண்டுபோய்க் கூடத்தில் மாட்டிப் பார்த்தாள், எரிந்தது. திரும்பி வந்து இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள். பிறகுதான் தொட்டாள்.

டப்பாவின் தலையில் மூன்று முனைகள். ஒன்று பொது, ஒன்று விசிறிக்கு, ஒன்று கம்ப்ரசருக்கு. மூன்று வயர்களும் ஒருகாலத்தில் மூன்று நிறமாக இருந்திருக்கும். வெயிலும் தூசியும் சேர்ந்து மூன்றையும் ஒரே பழுப்பாக்கியிருந்தன. போட்டோ எடுத்துப் பார்த்தாள்; போட்டோவிலும் பழுப்புதான்.

"அக்கா, கேக்குக்குக் கட்டற ரிப்பன் இருக்கா? மூணு கலர்."

அக்கா கேள்வி கேட்காமல் கத்தரித்துக் கொண்டுவந்தாள். "சிவப்பு கம்ப்ரசர், வெள்ளை விசிறி, தங்கம் பொது," என்று உரக்கச் சொல்லி ஒவ்வொரு வயரிலும் முடிச்சுப் போட்டாள். முனைகளின் பக்கத்திலும் பேனாவால் எழுத்துகளைக் குறித்துப் போட்டோ எடுத்தாள். அதன் பிறகே வயர்களை உருவினாள். மீட்டரில் வைத்தபோது டப்பா, தன் மேல் எழுதியிருந்த அளவில் பாதிகூடக் காட்டவில்லை.

"செத்துடுச்சு," என்றாள். கோளாறு இதுதான் என்று அன்று அவள் 'இருக்கலாம்' சேர்க்காமல் சொன்ன முதல் வாக்கியம் அது.

உதிரிபாகக் கடைக்காரர் உப்பிய டப்பாவைப் பார்த்ததும் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துவந்து வைத்தார். அவள் அதன் மேலிருந்த எண்களைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

"மைக்ரோ அளவு அதேதான். வோல்ட் கொஞ்சம் கூட. அது ஒண்ணும் பண்ணாது," என்றார்.

"தெரியும். மீட்டர்ல வச்சுப் பாத்துட்டு வாங்கிக்கலாமா?"

"தக்காளியாம்மா, அமுக்கிப் பாத்து வாங்க?" என்று சிரித்தார். ஆனாலும் கல்லாவின் மேல் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். சரியான அளவு காட்டியது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா கேக் அறை ஜன்னலில் கெட்டிப் போர்வையைத் தொங்கவிட்டு, டேபிள் ஃபேனின் முன்னால் ஒரு பாத்திரத்தில் ஐஸ் வைத்திருந்தாள். கீழ் அடுக்கின் ஒரு பூ தலை சாய்ந்திருந்தது. தங்கை நேராகப் பால்கனிக்குப் போனாள்.

"சிவப்பு, கம்ப்ரசர். வெள்ளை, விசிறி. தங்கம், பொது." ஒவ்வொன்றையும் சொல்லி, அழுத்தி, இழுத்துப் பார்த்து மாட்டினாள். போட்டோவோடு ஒப்பிட்டாள். மூடியைப் பூட்டி, டேப்பைக் கிழித்து, பிரேக்கரை அவளே மேலே தள்ளினாள். ரிமோட்டை நீட்டிப் பொத்தானை அமுக்கினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொரு தடவை அமுக்கினாள். ரிமோட்டின் திரையே இருண்டு கிடந்தது. அக்கா மெல்ல அத்தானைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சட்டைப் பையைத் துழாவி இரண்டு பேட்டரிகளை எடுத்தார்.

"யாராவது தெரியாம அமுக்கிடப்போறாங்களேன்னு ஒரு முன்ஜாக்கிரதை..."

"சட்டத்தைக் கேட்டுட்டுத்தானே தலையாட்டினீங்க?" என்றாள் தங்கை.

"சுவிட்ச்ல கை வைக்கக் கூடாதுன்னுதானே சொன்ன. ரிமோட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே."

பேட்டரி உள்ளே போனது. அறைக்குள்ளிருந்த பெட்டி வாயைத் திறந்து காற்றை ஊதியது. "வெளிப்பெட்டி உடனே கிளம்பாது. கொஞ்சம் பொறுக்கணும்," என்றாள் தங்கை. பொறுத்தார்கள். ஐஸ் உருகிப் பாத்திரத்தில் தண்ணீராக ஆடியது. பொறுக்க வேண்டிய நேரம் போய், அதற்கு மேலும் போனது. பால்கனியில் சத்தமே இல்லை.

முடிந்தது என்று நினைத்தாள். வயரை மாற்றி மாட்டிவிட்டேன். முன்பு விசிறியாவது ஓடியது. இப்போது அதையும் கெடுத்துவிட்டேன். ஓடிப்போய்ப் பிரேக்கரைத் தள்ளினாள், மூடியைக் கழற்றினாள், வழக்கம்போல் பல்பையும் வைத்துப் பார்த்தாள். சிவப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றிப் போட்டால் ஓடுமோ என்று விரல் தானாகவே அவற்றின் பக்கம் போனது.

"டெஸ்டர்," என்றார் அத்தான், இப்போது கேலியில்லாமல். "ஏதோ தொடப்போறே. என்னன்னு சொல்லலையே."

கை அப்படியே நின்றது. சொல்ல முயன்றாள். "சிவப்பை... வெள்ளை இடத்துல..." அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. ஏனென்றால் வேறெங்கும் கால் ஊன்ற முடியாத அந்தக் குழப்பத்தில், சிவப்பு ரிப்பன் அவள் சொன்ன இடத்திலேயே, அவள் போட்ட முடிச்சோடு தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளையும் அப்படியே. தங்கமும் அப்படியே. மாட்டியது சரி. தன்னை அவள் நம்பவில்லை. முடிச்சுகளை நம்ப முடிந்தது. யோசித்துப் பார்த்தால் முடிச்சுகளைப் போட்டதும் அவள்தானே?

மாட்டியது சரியென்றால் வேறெது தப்பு? டப்பா செத்தபோதுகூடப் பெட்டி முக்கியது. இப்போது முக்கக்கூட இல்லை. அதற்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தமில்லை; சாப்பாடே போகவில்லை.

"கெபாசிட்டர் டப்பாவை மூடறேன். பிரேக்கரைப் போட்டுட்டு, ஓரத்துல கரண்ட் வர்ற இடத்துல டெஸ்டர் வைக்கப்போறேன்," என்றாள் உரக்க. அப்படியே செய்தாள். எரியவில்லை. டெஸ்டரே செத்திருந்தால்? பக்கத்துப் பிளக்கில் வைத்தாள், பளிச்சென்று எரிந்தது.

அவள் நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. "பிரேக்கர்லேருந்து கிளம்பற கரண்ட் இங்க வந்து சேரல. நடுவுல யாரோ நிறுத்திவச்சிருக்காங்க. அத்தான், இந்த வீட்டுல உங்களைவிடப் பயந்தவங்க யாரு?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சமையலறையைப் பார்த்தார்கள்.

அம்மா சமையலறையில், சுவரைப் பார்த்தபடி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"வெடிச்சுடுச்சா?" என்றாள் கையை எடுக்காமலே.

"இன்னும் இல்லம்மா. நீங்க எதையாவது அணைச்சீங்களா?"

"நீ ஒரு இடத்துலதானே அணைச்சே. பெத்தவ சும்மா இருப்பேனா? பால்கனியில பூந்தொட்டிக்குப் பின்னால வெளிப்பெட்டிக்குன்னு ஒரு பெரிய சுவிட்ச் இருக்கு. ஏசி மாட்ட வந்தவன்கிட்ட அன்னைக்கே கேட்டு வச்சுக்கிட்டேன், ஆபத்துன்னா எதை அணைக்கறதுன்னு. நீ ஸ்க்ரூ டிரைவர் எடுக்க உள்ள போனப்ப அதையும் அணைச்சுட்டேன்."

"ஏம்மா சொல்லல?"

"அணைக்கறது நல்ல காரியம்தானே? நல்ல காரியத்தை எதுக்குச் சொல்லிக் காமிக்கணும்?"

தொட்டியை நகர்த்தினார்கள். சுவிட்ச் இருந்தது, அணைந்து. அக்காவின் கை அதை நோக்கிப் போனது. தங்கை தடுத்தாள். "சட்டம் சட்டம்தான். அம்மாதான் அணைச்சாங்க, அம்மாதான் போடணும்."

அம்மா பின்வாங்கினாள். முந்தானையால் கையைத் துடைத்தாள். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னாள். மகளை மட்டும் பார்த்து, "நீ மாட்டினது சரியாத்தானே இருக்கு?" என்று கேட்டாள்.

தங்கையின் நாக்கில் 'இருக்கலாம்' ஏறி உட்கார்ந்தது. அதை விழுங்கிவிட்டு, "சரியா இருக்கு," என்றாள்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சை அமுக்கினாள்.

மறுபடி பொறுத்தார்கள். விசிறியின் இறக்கை லேசாக அசைந்தது, சுற்றியது, கண்ணுக்குத் தெரியாத வேகத்துக்குப் போனது. அதன் அடியிலிருந்து கம்ப்ரசர் ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு கிளம்பியது. முக்கல் இல்லை, 'டக்' இல்லை; கனமான, ஒரே சீரான ஓட்டம். தங்கை பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அந்த அதிர்வு கை வழியாக ஏறித் தோள் வரைக்கும் வந்தது. வாய் தானாகச் சிரித்தது.

"ஜில்லுனு வருது," என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. இந்தத் தடவை நிதானமே இல்லாத குரல். அதற்குப் பின்னாலேயே அம்மாவின் குரல்: "நான்தான் போட்டேன்."

அத்தான் ஏசிக்கு நேர் கீழே போய்ச் சட்டைக் காலரை விரித்துக்கொண்டு நின்றார். "கேக்குக்கு வர்ற காத்தை மறைக்காதீங்க," என்று அக்கா அவரைத் தள்ளிவிட்டாள். கிரீம் இறுகிக்கொண்டு வந்தது. தலை சாய்ந்த பூவை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தாள். அடுக்குமேல் அடுக்கு ஏறியது. வண்டி வந்தபோது மூன்றடுக்கும் நிமிர்ந்து நின்றது. ஏற்ற வந்தவர்களில் பெரியவர் ஒரு தரம் சுற்றிவந்து பார்த்துவிட்டு, மேலாளருக்குப் படம் பிடித்து அனுப்பினார். பதில் உடனே வந்தது. அடுத்த வாரம் இரண்டு கேக் செய்து தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

வண்டி தெருமுனை திரும்பும்போது மெக்கானிக் போன் செய்தார். "ஒரு வேலை தள்ளிப்போச்சும்மா, நாளைக்கே வந்துடவா?"

"வேணாங்க. கெபாசிட்டர் போயிருந்துச்சு. மாத்தியாச்சு."

"யாரு மாத்தினது? அதுல வயர் கலர் ஒண்ணும் தெரியாதே. நானே போன தடவை முழிச்சேன்."

அக்கா திரும்பிப் பார்த்தாள். தங்கை பால்கனிக் கதவில் சாய்ந்து, வடிகுழாயிலிருந்து வாளிக்குள் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசி நன்றாகக் குளிர்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது. ஆனாலும் விரலை நீட்டி ஒரு சொட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டாள்.

"எங்க வீட்டு மெக்கானிக்," என்றாள் அக்கா. "அடுத்த தடவை நீங்க வந்தா முழிக்க வேண்டாம். ரிப்பன் கட்டி வச்சிருக்கா."